இரவே நறுக்கி வைத்த பழக்கிண்ணம் காலையில் ஏன் நீர் விடுகிறது, ஏன் கசக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வெயில் ஏற ஏற வீட்டில் யாருக்கும் காலையில் இட்லி, தோசை இறங்கவில்லை. சில்லென்று பழம் கொடுக்கலாமே என்று முலாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், ஆப்பிள் எல்லாவற்றையும் இரவே நறுக்கி, பாலும் சர்க்கரையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள். காலையில் எடுத்தால் அடியில் தண்ணீர் தேங்கி, வாழை கறுத்து, பால் கசந்திருக்கிறது. நல்ல செய்முறை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். நீங்கள் எடுத்த பழங்களில் குறை எதுவும் இல்லை. எதை இரவில் செய்வது, எதைக் காலையில் செய்வது, எதைச் சாப்பிட உட்காரும்போது செய்வது என்ற வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. உணவு அறிவியல் கற்றுக்கொடுப்பது என் வேலை என்பதால், ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் கையில் கிடைக்கிற எந்தப் பழத்தை வைத்தும் நீங்களே செய்துகொள்வீர்கள்.

முதலில் தண்ணீர். நறுக்கிய பழத்தின் மேல் சர்க்கரை விழுந்தால், துண்டுக்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுத்துவிடும். உப்பும் அப்படித்தான். எட்டு மணி நேரம் கிடைத்தால் நிறையச் சாறு அடியில் நிற்கும், துண்டுகள் துவண்டுவிடும். மழுங்கிய கத்தியும் இதற்குத் துணை போகிறது. கூர்மையான கத்தி சதையை அறுக்கும், மழுங்கியது நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்து சாறும் வடியும், பழமும் சீக்கிரம் கறுக்கும். துண்டுகள் ரொம்பச் சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவில் நறுக்குங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, சாட் மசாலா எதுவானாலும் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

பிறகு எப்படிக் குளிரவைப்பது? முழுப்பழமாகக் குளிரவையுங்கள். முலாம்பழம், மாம்பழம், மாதுளை, சாத்துக்குடி, ஆப்பிள் எல்லாம் கழுவித் துடைத்து இரவே ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். மாம்பழத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். நான்கைந்து கிலோ தர்பூசணி நடுச்சதை வரை குளிர ஒரு முழு இரவு பிடிக்கும். காலையில் நறுக்குகிற வேலை பதினைந்து நிமிடம்தான். தோலுக்குள்ளேயே குளிர்ந்த பழத்தின் மொறுமொறுப்பு, நறுக்கிக் குளிரவைத்ததில் வராது. பழுக்காத மாம்பழத்தையும் பப்பாளியையும் மட்டும் உள்ளே வைக்காதீர்கள். குளிரில் அவை பழுப்பது தடைபட்டு, பிறகு வெளியே எடுத்தாலும் ருசியும் மணமும் சரியாகக் கூடாது. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே சதை நன்றாகவே இருக்கும். ஆனால் அதைக் குளிரவைக்க வேண்டிய அவசியமே இல்லை, மற்ற பழங்களின் குளிரே போதும்.

இனிக் கசப்பு. பால் கெட்டுப்போயிற்று என்று நினைத்திருப்பீர்கள். காரணம் பழத்தில்தான் இருக்கிறது. பப்பாளியில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது, அன்னாசியில் புரோமிலைன், கிவியில் ஆக்டினிடின், அத்தியில் ஃபிசின். இவை எல்லாமே புரதத்தை அறுக்கும் நொதிகள். பாலிலும் தயிரிலும் இருக்கும் புரதத்தை இவை துண்டாக்கும்போது பிறக்கிற சிறு துண்டுகளில் சில கசக்கும். முலாம்பழத்திலும் குக்குமிசின் என்று இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. கிர்ணி ஜூஸைப் பாலில் அடித்த உடனே குடித்தால் அமிர்தமாக இருப்பதும், அரை நாள் கழித்து வாயில் வைக்க முடியாமல் போவதும் இதனால்தான். ஃப்ரிட்ஜின் குளிரில் நொதியின் வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஒரு இரவு அதற்குத் தாராளம். ஆகவே முலாம்பழம், பப்பாளி, அன்னாசி மூன்றும் பாலையோ தயிரையோ தொடுவது சாப்பிட உட்காரும்போதுதான் இருக்க வேண்டும். கலந்து கால் மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்தால் கசப்பு தெரியாது. அன்னாசித் துண்டுகளை வாணலியில் உள்வரை நன்றாகச் சூடேறும்படி சில நிமிடம் புரட்டி ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி தயிரில் கசக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம், அது ஏற்கெனவே சூடு கண்டது. முலாம்பழத்தை அப்படிச் சூடாக்கினால் மணம் போய்விடும், வேண்டாம்.

கறுப்பு என்பது காற்றும் பழத்தின் இன்னொரு நொதியும் சேர்ந்து செய்வது. ஆப்பிள், பேரிக்காய், வாழை, கொய்யா, சப்போட்டா இந்த வகை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாயிருக்காது. ஆப்பிளுக்கு அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, நறுக்கிய துண்டுகளை அதில் ஐந்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுங்கள். காலை முழுவதும் நிறம் நிற்கும், உப்பும் கரிக்காது. எலுமிச்சைச் சாறு என்றால் அரைக் கிலோ பழத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். அதிகமானால் எல்லாப் பழமும் ஒரே புளிப்பாகிவிடும். வாழைப்பழத்துக்கு எந்த வைத்தியமும் நெடுநேரம் நிற்காது. கடைசியாக உரித்து, கடைசியாக நறுக்குங்கள். வகையும் முக்கியம். ரஸ்தாளியும் பூவனும் மற்ற பழங்களோடு கிளறினால் குழைந்துவிடும். ஏலக்கி துண்டாக நிற்கும். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழை கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. நீர்ச்சத்து குறைந்த, இறுகிய சதை அது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சியைத் தேடிப் போவதற்கும் அந்தக் குணமே காரணம்.

இரவே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. மாதுளையை உதிர்த்து மூடி வைக்கலாம். முத்துகள் உடையாமல் உதிர்ந்திருந்தால் மூன்று நாள் கூடக் கெடாது. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுச் சுளைகளின் மேல்தோலைக் காலையில் உரிக்க நேரம் இருக்காது என்றால், இரவே உரித்துத் தனி டப்பாவில் வைத்துவிடுங்கள். திராட்சையைக் கழுவி, காம்பு நீக்கி, துணியில் ஈரம் போக உலர்த்தி வைக்கலாம். தயிரை வடிகட்டித் தொங்கவிடுவதும் இரவு வேலைதான். தர்பூசணி, முலாம்பழம், பப்பாளி, மாம்பழம், ஆப்பிள், வாழை ஆறும் காலையில் நறுக்க வேண்டியவை. நேரமே இல்லை என்றால் மாம்பழத்தை மட்டும் இரவே நறுக்கலாம். அதன் சதை இறுக்கமானது, மற்றவற்றைவிடத் தாங்கும்.

நான்கு பேருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். விதையும் தோலும் நீக்கிய முலாம்பழம் 300 கிராம், பெரிய பங்கனப்பள்ளி ஒன்று, மாதுளை முத்து அரைக் கிண்ணம், ஏலக்கி வாழைப்பழம் மூன்று, நுங்குச் சுளை ஆறு, ஒரு இளநீரின் வழுக்கை. ஒரு டீஸ்பூன் சப்ஜா விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பான உறை உருண்டு நின்றால் ஊறிவிட்டது என்று பொருள்; அதன் பிறகு வடிகட்டிவிடுங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் முலாம்பழம், மாம்பழம், வழுக்கை, நுங்கு என்ற வரிசையில் போடுங்கள். வாழைப்பழம் அதற்குப் பிறகு. இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் நன்னாரி சர்பத், பொடியாகக் கிள்ளிய புதினா ஆறேழு இலை, ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து இரண்டு முறை குலுக்கினால் போதும். மேலே மாதுளையும் சப்ஜாவும். நன்னாரியே இனிப்பு, தனியாகச் சர்க்கரை வேண்டாம். உப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்தச் சிட்டிகை இனிப்பைத் தூக்கிக் காட்டும், உப்பு என்றே தெரியாது.

நுங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கிண்ணத்தை நம் ஊர்க் கிண்ணமாக்குவது அதுதான். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல அமுங்க வேண்டும். அமுங்காதது முற்றியது, ருசி போயிருக்கும். மேலே இருக்கும் மஞ்சள் கலந்த பழுப்புத் தோல் துவர்க்கும். சுளையைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்து, ஓரத்தில் நகத்தால் கீறி விரலால் தள்ளினால் தோல் சுருண்டு வந்துவிடும். உள்ளே இனிப்புத் தண்ணீர் இருக்கும். அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும், அதனால் கிண்ணத்துக்கு நேர் மேலேயே வைத்து உரியுங்கள், அந்த நீரும் உள்ளே விழட்டும். இளநுங்கை நறுக்க வேண்டாம், இரண்டாகப் பிய்த்துப் போட்டால் போதும். வெட்டி எடுத்த நுங்கு வெயிலில் சீக்கிரம் புளிக்கும். வாங்கிய அன்றே குளிரவைத்து, மறுநாள் காலைக்குள் தீர்த்துவிடுங்கள்.

மாம்பழத்தில் வகை பார்த்து வாங்குங்கள். துண்டு போட பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் நல்லவை. கிளிமூக்கு புளிப்பும் இறுக்கமுமாக, மிளகாய்த்தூள் உப்போடு போகும், நன்னாரியோடு சேராது. ஜூன் கடைசியில் வரும் நீலத்தைச் சாறாக்கி மேலே ஊற்றலாம். எந்த மாம்பழமானாலும் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, காம்புப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுத் தோலைச் சீவுங்கள். காம்பில் இருக்கும் பால் சிலருக்கு வாயோரம் புண் பண்ணும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவில் பழுக்கவைக்க 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. தோல் முழுக்க ஒரே மஞ்சள், காம்பில் மணமில்லை, உள்ளே சதை வெளுப்பும் புளிப்பும் என்றால் எப்படிப் பழுத்திருந்தாலும் அது முற்றாமல் பறித்த காய். அந்தப் பழத்தைக் கிண்ணத்தில் போடாதீர்கள்.

சில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காக ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் போடுவது பெரிய தவறு. ஐந்தே நிமிடத்தில் நன்னாரித் தண்ணீரில் பழம் மிதக்கும். குளிர் கூட வேண்டுமென்றால் இளநீரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்த கட்டிகளைப் போடுங்கள். உருகினாலும் ருசி குறையாது. மாம்பழத் துண்டுகளையும் உறையவைத்துப் போடலாம், ஆனால் அவை முழுதாக இளகுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். உறையும்போது பழத்தின் திசு உடைந்துவிடுவதால், இளகியதும் கொழகொழவென்றாகும். ரொம்பக் குளிர்ந்தாலும் நல்லதில்லை. நாக்கு குளிர்ந்திருக்கும்போது இனிப்பு மங்கித் தெரியும், அதனால்தான் பலர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்த பிறகு ருசி பாருங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைத் தண்ணீரில் முழுப்பழங்களை இரவு முழுக்கப் போட்டு வைக்கலாம். மதுரை, திருநெல்வேலி, வேலூர் போன்ற காய்ந்த வெயிலில் இது நன்றாகவே குளிரும். சென்னை, நாகை போலக் காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் பானைத் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது, குளிரும் குறைவாகத்தான் வரும்.

சுத்தம் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது முலாம்பழத்தைத்தான். அதன் வலைபோன்ற தோலில் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும். கழுவாமல் வெட்டினால் கத்தியே அதைச் சதைக்குள் கொண்டுபோகும். சதையில் புளிப்பு கிடையாது என்பதால் கிருமி பெருக வசதியான இடம். 2011இல் அமெரிக்காவில் முலாம்பழத்தால் பரவிய லிஸ்டீரியா தொற்றில் 33 பேர் இறந்தார்கள். குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, பிறகு வெட்டுங்கள். தர்பூசணி, பப்பாளி, நுங்கு, வழுக்கை ஆகியவையும் புளிப்பில்லாதவைதான். நறுக்கிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நம் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும். ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டு ரொம்பச் சூடான இடம், கிண்ணத்தை அங்கே வைக்காதீர்கள். மீன், கறி வெட்டிய பலகை பக்கமே போக வேண்டாம். தெருவில் நறுக்கி வைத்த பழம் வாங்கிக் கிண்ணம் செய்வதும் வேண்டாம்.

வெறும் பழம் மட்டும் சாப்பிட்டால் பத்து மணிக்குப் பசிக்கும். பிள்ளைகள் பள்ளிக்கோ விளையாடவோ போகிறார்கள் என்றால் புரதம் சேருங்கள். அரைக் கிலோ புளிக்காத தயிரை வெள்ளைத்துணியில் கட்டி ஒரு கிண்ணத்தின் மேல், ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட்டால் ஏறக்குறைய பாதி அளவு கெட்டித்தயிர் கிடைக்கும். இதை ஆளுக்கு இரண்டு கரண்டி தட்டில் பரப்பி, பழத்தை மேலே வையுங்கள். தயிருக்குள் போட்டுக் கிளறினால் சாறு விட்டு மீண்டும் தண்ணீராகும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மோரில் சேருங்கள். தயிர் பிடிக்காதவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. கெட்டி அவலை அலசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழத்துக்கு அடியில் போட்டால் வடியும் சாற்றையும் அது குடித்துக்கொள்ளும், வயிறும் நிறையும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உறுதியில்லாமல் ஊரில் சுற்றுகிற பேச்சுகளும் இருக்கின்றன. பழத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், மற்ற உணவோடு சேர்ந்தால் வயிற்றில் அழுகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வயிற்று அமிலத்தில் எதுவும் அப்படி அழுகாது. பழமும் பாலும் விருத்தம், அதாவது ஒன்றோடொன்று சேரக் கூடாதவை என்று ஆயுர்வேதம் சொல்கிறது. அதைத் தீர்ப்புச் சொல்லும் படிப்பு என்னுடையதல்ல. உணவு அறிவியல் பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வராது. சாப்பிட்டு உப்புசம் வருகிறவர்கள் தயிர் இல்லாமல் சாப்பிடட்டும். தர்பூசணிக்கு ஊசி போட்டுச் சிவப்பாக்குகிறார்கள் என்ற பேச்சு 2025 கோடையில் பரவி விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. யோசித்துப் பாருங்கள்: ஊசியில் ஏற்றிய சாயம் அந்தப் பெரிய பழம் முழுக்கச் சீராகப் பரவாது, குத்திய துளை வழியே பழம் அழுகத் தொடங்கும். பஞ்சால் துடைத்தால் இளஞ்சிவப்பு ஒட்டுவது பழச்சாற்றின் நிறம்தான். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழத்தை ஊறவைத்தால் பூச்சிமருந்து போய்விடும் என்பதில் பாதி உண்மை. தோல்மேல் இருப்பதில் கணிசமான பங்கு போகும், தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது போகாது. லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சோடா, கால் மணி நேரம், பிறகு குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசல். திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் இதைச் செய்யலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கிண்ணத்தில் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல முடிந்தது நன்னாரியையும் வாழையையும் விட்டுவிட்டு, கொய்யாவும் தயிரும் வேர்க்கடலையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது மட்டும். சிறுநீரகத் தொந்தரவுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் வாழை, முலாம்பழம், இளநீர் மூன்றும் கேட்காமல் கொடுக்கக் கூடாதவை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். வேர்க்கடலையை உடைத்துப் பொடியாக்குங்கள். சப்ஜாவை முழுதாக ஊறாமல் கொடுக்கவே வேண்டாம். கிண்ணத்தில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தயிர் படாத துண்டுகளை மட்டும் எடுத்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மாலைக்குள் சாறாக அடித்துக் குடித்துவிடலாம்.